எடை குறைக்கும் ஊசி போட்டால் வாத மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. ஆறு வருடமாக முடக்குவாதம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் 15 மி.கி. மெத்தோட்ரெக்ஸேட், தினமும் 400 மி.கி. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன். போன மாதப் பரிசோதனையில் சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) 6.2 இருந்தது. கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேனில் வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. பெங்களூரில் இருக்கும் என் தங்கை எட்டு மாதமாக எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறாள். பதினோரு கிலோ குறைந்துவிட்டது, முழங்கால் வலியும் போய்விட்டது, அவளுடைய சி.ஆர்.பி. பாதியாகிவிட்டது. “இந்த ஊசி உடம்பில் இருக்கும் அழற்சியையே அணைத்துவிடுகிறது, உனக்கு எதற்கு வாத மாத்திரை?” என்று கேட்கிறாள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்ட மறுநாள் முழுக்க எனக்குக் குமட்டல், முடியும் கொட்டுகிறது. அதனால் மூன்று வாரமாக அதை நிறுத்திவிட்டேன். ஊசிக்கு மாறிவிடலாமா? தங்கை தன்னிடம் மீதமிருக்கும் ஒரு பேனா ஊசியை அனுப்பிவைப்பதாகச் சொல்கிறாள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஊசியைப் பற்றிப் பிறகு பேசலாம். மெத்தோட்ரெக்ஸேட்டை மூன்று வாரமாக நிறுத்தியிருக்கிறீர்கள், அதை முதலில் கவனிக்க வேண்டும். இந்த மருந்தின் பலன் நிறுத்திய மறுநாளே மறைந்துவிடாது; சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே என்று பலருக்குத் தோன்றுகிறது. பிறகு ஒரு நாள் காலையில் மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கிக்கொண்டு எழுந்திருப்பார்கள். மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர மாதக் கணக்கில் ஆகும். அதற்குள் எலும்பில் அரிப்பு ஏற்பட்டுவிட்டால் அதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது.

எனவே இந்த வாரமே உங்கள் மூட்டுவாத மருத்துவரிடம் பேசுங்கள். நிறுத்தியதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், நாங்கள் தினமும் கேட்கும் விஷயம்தான். விட்ட வாரங்களை ஈடுகட்டுவதாக நினைத்து நீங்களாகவே கூடுதல் மாத்திரை போட்டுக்கொள்ளவும் வேண்டாம். இது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குமட்டலுக்கு வழி உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்துத் தரும் வைட்டமினான ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கூட்டலாம். மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். மருத்துவர் ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் இரண்டு வேளையாகப் பிரித்துச் சாப்பிடலாம். அப்படியும் அடங்காவிட்டால் மெத்தோட்ரெக்ஸேட்டையே தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். பலருக்கு அதில் குமட்டல் குறைகிறது. ஊசிக்கு மாற வேண்டும் என்ற ஆசை இருந்தால் முதலில் மாற வேண்டிய ஊசி இதுதான். ஃபோலிக் அமிலம் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடவில்லை என்றால் முடி கொட்டுவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி உங்கள் தங்கையின் விஷயம். அவர் சொல்வதில் பொய் இல்லை. தனக்கு நடந்ததை அப்படியே உங்களுக்கும் பொருத்திப் பார்க்கிறார், சிக்கல் அங்கேதான்.

இப்போது எல்லோரும் பேசும் ஊசிகள் இரண்டு: செமாக்ளூடைடு, டிர்செபடைடு. சாப்பிட்டவுடன் நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனின் வேலையை இவை செய்கின்றன. டிர்செபடைடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. பசி அடங்குகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, ‘எதையாவது தின்ன வேண்டும்’ என்று மூளையில் ஓடிக்கொண்டே இருக்கும் நினைப்பு குறைகிறது. முக்கியமான சோதனை ஒன்றில் 68 வாரத்தில் செமாக்ளூடைடு எடுத்தவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. டிர்செபடைடின் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம் குறைந்தது. எடைக்கான மாத்திரை என்ற பெயரில் அதுவரை வந்தவற்றை எல்லாம் பார்த்து அலுத்துப்போயிருந்த என் போன்ற மருத்துவர்களுக்கு இந்த எண்கள் உண்மையிலேயே வியப்பூட்டின.

அழற்சி விஷயத்திலும் ஆதாரம் இருக்கிறது. 2023 நவம்பரில் வெளியான ‘செலக்ட்’ ஆய்வில் 41 நாடுகளைச் சேர்ந்த 17,604 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள், எடை கூடியவர்கள், ஏற்கெனவே இதய நோயோ ரத்தக்குழாய் நோயோ உள்ளவர்கள். சர்க்கரை நோய் மட்டும் இல்லாதவர்கள். செமாக்ளூடைடு போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை 20 சதவீதம் குறைந்தன. செய்திகளில் இந்த 20தான் பெரிய எழுத்தில் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கு இவற்றில் ஒன்று வந்தது, மருந்து போட்டவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு வந்தது. அதாவது நூறு பேருக்குப் போட்டால் ஒன்றரைப் பேர் தப்புகிறார்கள். சிறிய எண்தான், ஆனாலும் இதய நோயாளிகளுக்கு இது பெரிய லாபம். அதே ஆய்வில் சி.ஆர்.பி. அளவு, போலி ஊசியோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 38 சதவீதம் இறங்கியது. தங்கை எங்கோ படித்திருக்கும் செய்தியின் மூலம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஏன் இறங்குகிறது என்பதற்கு முப்பது வருடத்துக் கதை ஒன்று இருக்கிறது. கொழுப்பு என்றால் சேமிப்புக் கிடங்கு, சும்மா கிடப்பது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1993ல் கோகான் ஹோட்டமிஸ்லிகில் குழுவினர், பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைத் தானே உற்பத்தி செய்கிறது என்று காட்டினார்கள். 2003ல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே இன்னொன்றைக் கண்டன: கொழுப்பு கூடக் கூட மேக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளணுக்கள் அதற்குள் குடியேறுகின்றன. அளவுக்கு மீறி ஊதிச் செத்த கொழுப்பு அணுக்களைச் சுற்றி இவை வளையம் கட்டி உட்கார்ந்துகொண்டு அழற்சிப் பொருள்களைக் கசியவிடுகின்றன. அவற்றில் ஒன்றான இன்டர்லூகின்-6 கல்லீரலைத் தூண்டுகிறது, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. கொழுப்பு கரைந்தால் இந்தச் சங்கிலி முழுதும் தளர்கிறது. ஊசி போட்டாலும், அறுவை சிகிச்சை செய்தாலும், வாயைக் கட்டி நடந்தாலும் இது நடக்கும்.

எடைக் குறைப்பைத் தாண்டி ஊசிக்கென்று தனி அழற்சி எதிர்ப்பு உண்டா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் இருக்கிறது என்பது என் கணிப்பு. ‘செலக்ட்’ ஆய்வின் தரவுகளை 2025ல் மறுபடி அலசியபோது, இதயத்துக்குக் கிடைத்த நன்மையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இடுப்புச் சுற்றளவு குறைந்தது கணக்குச் சொன்னது. மீதி வேறு வழிகளில் வந்திருக்க வேண்டும். டொரொன்டோவில் டேனியல் டிரக்கர் ஆய்வகம் எலிகளில் காட்டியது இன்னும் சுவாரசியமானது. மூளையில் உள்ள ஜி.எல்.பி.-1 ஏற்பிகளை, அதாவது அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களை, அடைத்துவிட்டால், உடம்பின் வேறு பாகத்தில் மருந்து செய்யும் அழற்சிக் குறைப்பு நின்றுபோனது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கு நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் உங்கள் தங்கையின் கட்சிக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இருப்பது முடக்குவாதம்.

கொழுப்பிலிருந்து வரும் அழற்சி உமிக்குள் கனலும் நெருப்பு. முடக்குவாதம் கூரையில் பற்றிய தீ. உங்கள் நோய் எதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உட்சவ்வை எதிரி என்று முடிவுகட்டிவிட்டன. அங்கே பி அணுக்களும் டி அணுக்களும் புகுந்து, சவ்வு தடித்து வளர்ந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் தின்கிறது. இரண்டு இடத்திலும் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 என்ற அதே பொருள்கள் புழங்குவதால்தான் குழப்பம் வருகிறது. அதாலிமுமாப், எடனர்செப்ட் போன்ற விலை உயர்ந்த வாத ஊசிகள் டி.என்.எஃப்.பைத்தான் தடுக்கின்றன, அதனால் எடை ஊசியும் அதே வேலையைச் செய்துவிடும் என்று தோன்றலாம். கொழுப்புத் திசுவில் சுரப்பு கொஞ்சம் குறைவதாலேயே மூட்டுச் சவ்வில் நடக்கும் சண்டை நின்றுவிடாது. மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் செமாக்ளூடைடோ டிர்செபடைடோ போட்டு, முடக்குவாதம் கட்டுக்குள் இருந்தது என்று நிறுவிய பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. சொரியாசிஸ் மூட்டுவாதத்துக்கு டிர்செபடைடைச் சோதிக்கக் கிளம்பிய நிறுவனம்கூட அதை இக்ஸெகிசுமாப் என்ற வாத மருந்தோடு சேர்த்துக் கொடுத்துத்தான் சோதித்தது. விற்கிறவர்களே துணிந்து செய்யாததை நீங்கள் வீட்டில் செய்துபார்க்கலாமா?

தங்கைக்கு முழங்கால் வலி போனதற்கும் விளக்கம் இருக்கிறது. அவருக்கு வாதம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமாக இருக்கும். அதற்கு இந்த ஊசி நன்றாகவே கேட்கிறது. 2024ல் வந்த ஓர் ஆய்வில், முழங்கால் தேய்மானமும் உடல் பருமனும் சேர்ந்த 407 பேரைப் பார்த்தார்கள். 68 வாரத்தில் செமாக்ளூடைடு போட்டவர்களின் வலி மதிப்பெண் 41.7 புள்ளி குறைந்தது, போலி ஊசி போட்டவர்களுக்கு 27.5 புள்ளி குறைந்தது. வெறும் தண்ணீர் ஊசிக்கே 27 புள்ளி வலி குறைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். மூட்டு வலிக்கு யார் எதைக் கொடுத்தாலும் ‘கேட்கிறது’ என்று மக்கள் சொல்வதன் ரகசியம் அதில் இருக்கிறது.

இப்போது அந்த 6.2. உங்கள் கடிதத்தில் நீங்கள் அதிகம் கவலைப்பட்ட எண் இதுதான் என்று தெரிகிறது. சி.ஆர்.பி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் இதய ஆபத்துக் கணக்கில் அதிகம் என்பார்கள், அதனால் பயந்திருப்பீர்கள். ஆனால் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. பல் ஈறில் சீழ் இருந்தாலும் கூடும், போன வாரம் காய்ச்சல் வந்திருந்தாலும் கூடும். முடக்குவாதம் உள்ள பெண்களில் எடை கூடுதலாக இருந்தால், மூட்டு அமைதியாக இருக்கும்போதுகூட சி.ஆர்.பி. ஏறியே இருக்கும், இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. உங்கள் 6.2ல் கொழுப்பின் பங்கு எவ்வளவு, மூட்டின் பங்கு எவ்வளவு என்று ரத்தத்தை மட்டும் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதில்தான் உண்மையான பொறி இருக்கிறது. ‘செலக்ட்’ ஆய்வின் சராசரியை உங்களுக்குப் பொருத்தினால் 6.2 என்பது 3.8 ஆகலாம். காகிதத்தில் அழகாக இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் நிறுத்தியும் சி.ஆர்.பி. இறங்கிவிட்டது, ஊசி வேலை செய்கிறது என்று நீங்களும் நம்புவீர்கள், அவசரத்தில் அறிக்கையை மட்டும் புரட்டும் மருத்துவரும் நம்பிவிடலாம். கொழுப்பிலிருந்து வந்த பங்கு குறைந்திருக்கும், மூட்டுக்குள் சவ்வு தன் பாட்டுக்கு எலும்பை அரித்துக்கொண்டிருக்கும். எண் இறங்குவதும் நோய் இறங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு அண்மையில் ஒரு பெரிய சாட்சியும் கிடைத்தது. அல்சைமர் மறதி நோய்க்கு செமாக்ளூடைடு உதவுமா என்று சுமார் 3,800 பேரிடம் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவு 2025 நவம்பரில் வந்தது. நோயை அடையாளம் காட்டும் பொருள்களின் அளவு நல்ல திசையில் மாறியது. ஆனால் மறதி வளரும் வேகம் குறையவில்லை.

அதனால்தான் நான் முடக்குவாதத்தை ரத்தப் பரிசோதனைத் தாளில் மட்டும் பார்ப்பதில்லை. நோயாளியின் கையை வாங்கி, ஒவ்வொரு விரல் கணுவையும் இரண்டு பக்கமும் பிடித்து, என் பெருவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவேன். அதற்கு மேல் அழுத்தினால் நல்ல மூட்டும் வலிக்கும்; அதற்குக் குறைந்தால் கெட்ட மூட்டு தப்பித்துவிடும். தோள், முழங்கை, மணிக்கட்டு, கை விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, முழங்கால் என்று மொத்தம் 28 மூட்டுகள். வாதத்தின் வீக்கம் விரலுக்கடியில் மெத்தென்று அமுங்கும். தேய்மானத்தின் புடைப்பு கெட்டியாக எலும்பாகத் தட்டுப்படும். பாதம் இந்த 28ல் சேராது. ஆனாலும் செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் நோய் அங்கே ஒளிந்துகொள்வதுண்டு. வீட்டில் நீங்களே பார்க்கக்கூடியது காலை நேர இறுக்கம். எழுந்த பிறகு பால் பாக்கெட்டைக் கத்தரிக்கவும், புடவைக் கொசுவத்தை விரலால் மடிக்கவும் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டியிருக்கிறது? அரை மணிக்குள் சரியாகிறதென்றால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது, அதுவும் மாத்திரை நிறுத்திய பிறகு நாளுக்கு நாள் நீள்கிறது என்றால் வாதம் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்கிறார் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன், ஆனால் தங்கை சொன்ன காரணத்துக்காக அல்ல. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) உங்களுக்கு 34.5. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்பது நம் நாட்டு மருத்துவர்களின் கணக்கு. இடுப்பை ஒரு டேப்பில் அளந்து பாருங்கள், பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறீர்கள். முடக்குவாதம் இருப்பதாலேயே இதய ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எடை கூடுதலாக உள்ளவர்களுக்கு வாத மருந்துகள் முழுப் பலன் தருவது குறைவு, நோய் முற்றிலும் அடங்கும் வாய்ப்பும் குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியம் உங்கள் கல்லீரல். மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலைத் தொந்தரவு செய்யக்கூடிய மருந்து. கொழுப்புப் படிந்த கல்லீரலில் அந்தத் தொந்தரவு கூடும். என்றாவது ஒரு நாள் கல்லீரல் நொதிகள் ஏறி, மருத்துவரே மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்த வேண்டிய நிலை வரலாம். செமாக்ளூடைடு கொழுப்புக் கல்லீரல் அழற்சியையே தணிக்கிறது. ‘எசென்ஸ்’ என்ற ஆய்வில் 72 வாரத்தில் 62.9 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் உள்ள தழும்பு மோசமாகாமல் அழற்சி நீங்கியது, போலி ஊசி போட்டவர்களில் 34.3 சதவீதம் பேருக்கே நீங்கியது. அதை வைத்து 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மிதமானது முதல் முற்றியது வரையான தழும்பு உள்ள கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கு அதை அனுமதித்தது. ஆக, நீங்கள் மாத்திரையை நிறுத்துவதற்காக ஊசியைக் கேட்கிறீர்கள். நானோ மாத்திரையைப் பயமில்லாமல் தொடர்வதற்காக ஊசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள் என்கிறேன்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டியவை சில உண்டு. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் இந்த ஊசி கூடாது. உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததுண்டா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகமாக எடை குறைந்தால் கல் உருவாவது கூடும். மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. நிற்கவில்லை என்றால் கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும். டிர்செபடைடோ, தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்காக எப்படியும் வருடந்தோறும் விழித்திரை பார்க்க வேண்டும். செமாக்ளூடைடால் கண் நரம்புக்கு ரத்தம் தடைபடுவது மிக அரிதாக நேரலாம் என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2025ல் எச்சரித்தது. திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினால் அன்றே ஓடுங்கள்.

உங்கள் மருந்துகளோடு சேரும்போது இரண்டு விஷயம். முதலாவது வாந்தி. எடை ஊசியில் குமட்டலும் வாந்தியும் சகஜம், முக்கியமாக அளவைக் கூட்டும் வாரங்களில். மெத்தோட்ரெக்ஸேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வாந்தி, பேதியில் உடம்பில் நீர் வற்றி, அந்த நேரத்தில் மூட்டு வலிக்கென்று ஒரு வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டால் சிறுநீரகம் திணறும், மெத்தோட்ரெக்ஸேட் உடம்பிலேயே தங்கி நஞ்சாகும். எனவே வாந்தி நிற்காத வாரத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சாப்பிடாமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இரண்டும் வாரம் ஒருமுறை மருந்துகள் என்பதால் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் மூன்று, நான்கு நாள் இடைவெளி விடச் சொல்வது என் வழக்கம். குமட்டல் எதனால் வந்தது என்றாவது தெரியும்.

இரண்டாவது, பலர் மறந்துவிடுவது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினின் அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 84 கிலோவுக்கு 400 மி.கி. சரி. நீங்கள் 70 கிலோவுக்கு வந்துவிட்டால் எல்லை 350 ஆகிவிடும். அதே 400ஐ வருடக் கணக்கில் தொடர்ந்தால் விழித்திரைக்கு ஆபத்து. எடை குறைந்த மகிழ்ச்சியில் பழைய மருந்துச் சீட்டையே நீட்டி வாங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

தசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊசிகளால் குறையும் எடையில் கால் பங்குக்கு மேல்கூட கொழுப்பில்லாத எடையாக இருக்கலாம், தசையும் அதில் அடங்கும். முடக்குவாதம் ஏற்கெனவே தசையைத் தின்னும் நோய். பசி இல்லை என்று காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம் என்று ஓட்டினால் ஆறு மாதத்தில் எடையோடு கையின் பிடியும் போய்விடும். சாப்பிடுவது கொஞ்சமானாலும் அதில் முட்டையோ மீனோ சுண்டலோ கெட்டித் தயிரோ முதலில் உள்ளே போக வேண்டும், சோறு பிறகு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு ஓய்வு.

எத்தனை நாள் போட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று செமாக்ளூடைடு ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவையும் பழைய நிலையை நோக்கித் திரும்பின. ஆகவே இது கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டு நிறுத்தும் ஊசி அல்ல. டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தபோது 5 மி.கி. குப்பி ஒன்றின் விலை 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு குப்பி. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் அதன் விலை இறங்க வழி உண்டு. எப்படியானாலும் வருடக் கணக்கில் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு தொடங்குங்கள். தாங்காது என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, உணவு ஆலோசனை, நடை என்று பழைய வழிகள் மெதுவாகத்தான் பலன் தரும், ஆனாலும் ஐந்து, ஆறு கிலோ குறைந்தால்கூட கல்லீரலும் முழங்காலும் நன்றி சொல்லும்.

கடைசியாக, தங்கை அனுப்புவதாகச் சொன்ன பேனா. வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அது பல வேளைக்கான பேனாவாக இருந்தால், புது ஊசிமுனை மாட்டினாலும் ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. உள்ளே ரத்தத் துளி திரும்பிப் போயிருக்கலாம், அதன் வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றலாம். அது புதிய பேனாவாகவே இருந்தாலும், திறப்பதற்கு முன் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. பெங்களூரிலிருந்து பார்சலில் திருச்சி வெயிலுக்கு வந்து சேரும்போது உள்ளே என்ன மிஞ்சும் என்று தெரியாது. எட்டு மாதம் போட்ட தங்கை இப்போது உயர்ந்த அளவில் இருப்பார். நீங்களோ செமாக்ளூடைடு என்றால் 0.25 மி.கி.யில், டிர்செபடைடு என்றால் 2.5 மி.கி.யில் தொடங்கி நான்கு வாரம் பொறுத்துத்தான் ஏற வேண்டும். அவருடைய அளவை முதல் ஊசியாகப் போட்டுக்கொண்டால் இரண்டு நாள் வாந்தி எடுத்துக் கிடப்பீர்கள். அதே வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டையும் மறுபடி தொடங்கியிருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.